கொழும்பு வெக்கையில் போடக்கூடிய பைக் உடுப்பு

கொழும்புக்குள் ஓட ஹெல்மெட்டைத் தவிர வேறொன்றும் தேவையில்லை என்பவர்கள் சொல்லும் காரணம் எப்போதும் ஒன்றுதான்: "இந்த ட்ராபிக்கில 40க்கு மேல எங்க ஓடுறது?" கணக்கே பிழை. பைக்கில் இருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து சும்மா விழுந்தாலே தலை தரையில் மோதும்போது மணிக்கு 19 கிலோமீற்றர் வேகம் வந்துவிடும். பைக் நின்றுகொண்டிருந்தாலும் அதுதான். காலி வீதியில் ஓரமாக நிறுத்திய காரின் கதவு திறந்து, கைபிடியில் தட்டினால் போதும்.

இன்னொரு காரணம் வெக்கை. அது உண்மையான காரணம், அதை லேசாக எடுக்கக் கூடாது. 31 பாகை, காற்றில் ஈரம், பொரளை கலர் லைட்டில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். அங்கே ஜக்கெட்டின் சிப்பைக் கழற்றத் தோன்றினால், இரண்டு கிழமையில் அந்த ஜக்கெட் வீட்டு அலுமாரிக்குப் போய்விடும். ஆகவே, வெளிநாட்டு வீடியோக்கள் சொல்லும் ஆகக் கூடிய பாதுகாப்பைத் தேடாதீர்கள். தினமும் வேலைக்குப் போகும்போது கழற்றாமல் போடக்கூடியவற்றில் ஆகக் கூடியதை எடுங்கள். கடையில் இதற்கான விடை விலைச்சீட்டில் இல்லை. உள்ளே தைத்திருக்கும் லேபலில் இருக்கிறது, மிச்சத்தை உங்கள் கைதான் சொல்ல வேண்டும்.

ஹெல்மெட்டில் தொடங்குவோம். வெளி ஓடு ஒரு பக்கம் இருக்கட்டும். உயிரைக் காப்பது உள்ளே இருக்கும் ரெஜிபோம் படைதான். மோதும்போது அது நசுங்கி, தலை நிற்பதற்குச் சில மில்லிமீற்றர் தூரத்தைக் கொடுக்கிறது. ஒருமுறை நசுங்கினால் மீண்டும் எழும்பாது. அந்தப் படை குறைந்தது 2.5 சென்ரிமீற்றர் தடிப்பாக இருக்க வேண்டும். துணி லைனிங்கின் ஓரத்தை விலக்கிப் பாருங்கள். மெல்லிய ஸ்பொஞ்ச் மட்டும் தெரிந்தால், பொலிஸுக்குக் காட்டுவதற்கு மட்டும் செய்த சாமான் அது.

அடுத்தது தரச்சான்று. இலங்கைத் தரமான எஸ்.எல்.எஸ். முத்திரை, இந்திய ஹெல்மெட்டுகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 4151, ஐரோப்பியத் தரம் இ.சி.இ. என்பவற்றில் ஒன்று இருக்க வேண்டும். பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் டொட் ஸ்டிக்கரை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அமெரிக்காவின் அந்தத் தரத்தில் உற்பத்தியாளரே தன் பொருளுக்குச் சான்று கொடுக்கிறார், ஸ்டிக்கர் தனியாகவும் விலைக்குக் கிடைக்கிறது. இ.சி.இ. லேபல் நாடியில் பூட்டும் பட்டியில் தைக்கப்பட்டிருக்கும்: வட்டத்துக்குள் ஆங்கில 'இ' எழுத்து, பக்கத்தில் சான்று கொடுத்த நாட்டின் எண், பிறகு ஒரு நீண்ட இலக்கம். அந்த இலக்கம் 05 என்று தொடங்கினால் பழைய 22.05 தரம், 06 என்று தொடங்கினால் புதிய 22.06 தரம். முடிந்தால் 22.06 எடுங்கள். பழைய தரத்தில் மோதல் சோதனை விநாடிக்கு 7.5 மீற்றர் வேகத்தில், அதாவது மணிக்கு 27 கிலோமீற்றரில் நடந்தது. புதியதில் 8.2 மீற்றரிலும் 6 மீற்றரிலும் கூடச் சோதிக்கிறார்கள். 6 மீற்றர் என்பது மணிக்கு 21 கிலோமீற்றர் சொச்சம், நாம் மேலே போட்ட கணக்குக்குக் கிட்டத்தட்ட அதே வேகம். பெரிய மோதலுக்கென்று இறுக்கமாகச் செய்த ரெஜிபோம் சின்ன விழுகையில் நசுங்காமல், அடியை அப்படியே மூளைக்குக் கடத்திவிடலாம். நகரத்துக்குள் ஓடுபவருக்கு இந்தக் குறைந்த வேகச் சோதனை முக்கியமாவது அதனால்தான். சரிவாக மோதித் தலை சுழலும் சோதனையும் 22.06இல்தான் சேர்ந்தது.

முன்பக்கம் தூக்கும் வகை எடுப்பதாக இருந்தால் அதே லேபலில் 'பி' (P), 'ஜே' (J) எழுத்துகளைப் பாருங்கள். 'பி' என்றால் தாடைப் பகுதி சோதிக்கப்பட்டது. 'ஜே' மட்டும் இருந்தால் தாடைக்குப் பாதுகாப்பு இல்லை. 'என்பி' என்றால் தாடைப் பகுதி இருக்கிறது, ஆனால் அது பாதுகாக்காது. இரண்டும் சேர்ந்த 'பி/ஜே' நல்லது. முழுமுக ஹெல்மெட் போடலாமா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். 2015இல் பொலிஸார் அதைத் தடைசெய்யப் போனபோது மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை இடைக்காலமாக நிறுத்தி உத்தரவிட்டது. தாடை தரையில் அடிபடுவது சாதாரணமாக நடப்பது. முழுமுகம்தான் எங்கள் தெரிவு.

அளவுக்கு, புருவத்துக்கு இரண்டு விரல் மேலே டேப்பைச் சுற்றி எடுங்கள். 57, 58 சென்ரிமீற்றர் பெரும்பாலும் மீடியம், 59, 60 லார்ஜ். கம்பனிக்குக் கம்பனி மாறும் என்பதால் போட்டுத்தான் பார்க்க வேண்டும். கன்னத்தை நன்றாக அழுத்த வேண்டும். பேசும்போது கன்னத்தின் உட்பக்கம் பல்லில் படுவது புது ஹெல்மெட்டில் சரியான அறிகுறி. கன்னத்துப் பஞ்சு நாளடைவில் தளரும், நெற்றிப் பக்கம் தளராது. ஆகவே பதினைந்து நிமிடம் கடையிலேயே போட்டுக்கொண்டு நில்லுங்கள். கழற்றும்போது நெற்றியில் ஒரே இடத்தில் சிவந்து வலித்தால் அந்த ஹெல்மெட்டின் வடிவம் உங்கள் தலைக்கு இல்லை, ஒரு சைஸ் பெரிதாக எடுத்துச் சமாளிக்கவும் முடியாது. பட்டியைப் பூட்டி, பின் ஓரத்தைப் பிடித்து முன்னோக்கித் தூக்குங்கள். கழன்று வந்தால் விழும்போதும் கழன்று போகும். கொண்டை போடுபவர்கள் கொண்டையோடு அளவு பார்க்கக் கூடாது. ஹெல்மெட் தலையில் உட்காராமல் முன்னால் சாய்ந்துவிடும். தாழ்வாகப் பின்னிய சடைதான் சரி. இது பின்னால் இருப்பவருக்கும் சேர்த்துத்தான். ஓட்டுபவருக்கு நல்லது, மனைவிக்கு மெல்லியது என்று இரண்டு வாங்குவதை நிறுத்த வேண்டும். விழும்போது இரண்டு பேரும்தான் விழுகிறார்கள். பிள்ளைக்குப் பிள்ளை அளவு. பெரியவரின் ஹெல்மெட்டுக்குள் துணி அடைத்துப் போடுவது பாதுகாப்பே இல்லை.

வைசர் தெளிவானதாக இருக்கட்டும். கறுப்பு வைசரோடு ஏழு மணிக்குப் பிறகு மழையில் ஓடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடுவதற்குச் சமம்.

கையைப் பற்றிச் சனம் யோசிப்பதே இல்லை. விழும்போது யாரும் யோசிக்காமல் முதலில் ஊன்றுவது உள்ளங்கை. காபட் ரோட்டில் தோல் பிடித்துக்கொள்ளும், உடம்பின் பாரம் முழுக்க மணிக்கட்டுக்கு வரும், பெருவிரலுக்குக் கீழே இருக்கும் சின்ன எலும்பு உடையும். அந்த எலும்புக்கு இரத்தோட்டம் குறைவு, பொருந்த மாதக்கணக்கு எடுக்கும். உள்ளங்கையின் அடிப்பகுதியில் வழுக்கக்கூடிய கடினமான பிளாஸ்ரிக் துண்டு வைத்த கையுறைகள் இருக்கின்றன. கை பிடிபடாமல் வழுக்கட்டும் என்பதுதான் அதன் வேலை. லேபலில் ஐரோப்பியத் தரமான இ.என். 13594, விரல் முட்டிகளுக்குப் பாதுகாப்பு இருந்தால் 'கேபி' (KP) என்று இருக்கும். மேலே மெஷ் எனும் வலைத் துணி, உள்ளங்கையில் ஆட்டுத் தோல் இருந்தால் நம் வெக்கைக்குப் போதும். மணிக்கட்டுப் பட்டியைப் பூட்டி, கூட வந்தவரை விரல் நுனிகளைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். கழன்றால் வேண்டாம்.

ஜக்கெட்டுக்கு இ.என். 17092 என்ற தரம். டிரிபிள் ஏ, டபிள் ஏ, ஏ என்று இறங்கும். 'பி' (B) வகையில் உராய்வுப் பாதுகாப்பு உண்டு, உள்ளே கவசம் இல்லை. நம் ஊர் மெஷ் ஜக்கெட்டுகள் அநேகமாக 'ஏ'. நகரத்துக்கு அது நியாயமான தெரிவு, ஒரு நிபந்தனையோடு: நெஞ்சும் முதுகும் வலையாக இருக்கலாம், தோளும் முழங்கையின் வெளிப்பக்கமும் இறுக நெய்த துணியாக இருக்க வேண்டும். தரையில் தேய்வது அங்கேதான். தையல் இரட்டையாவது வேண்டும்.

பிறகு உள்ளே கையை விட்டு முழங்கைக் கவசத்தை வெளியே எடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. அதில் இ.என். 1621 என்று அச்சிருக்க வேண்டும். 50 ஜூல் சக்தியில் அடித்து, மறுபக்கம் எவ்வளவு விசை கடக்கிறது என்று சோதிப்பார்கள், குறையக் குறைய நல்லது. முழங்கை, தோள், முழங்காலுக்கான லெவல் 1 கவசத்தில் சராசரி 35 கிலோநியூட்டன் வரை கடக்கலாம், லெவல் 2இல் 20. முதுகுக் கவசத்துக்கு லெவல் 1இல் 18, லெவல் 2இல் 9. முதுகுப் பகுதியில் பெரும்பாலான ஜக்கெட்டுகள் வெறும் ஸ்பொஞ்சைத்தான் வைத்து விற்கின்றன, அதில் எந்த இலக்கமும் இருக்காது. அதைக் கழற்றிவிட்டு லெவல் 2 முதுகுக் கவசம் தனியாக வாங்கிப் போடுங்கள். இன்னொரு எழுத்து 'டி+' (T+). 40 பாகையில் வைத்துச் சோதித்தும் தேறியது என்று அர்த்தம். மென்மையாக வளைந்து, அடிபட்டால் இறுகும் வகைக் கவசங்கள் சூட்டில் இன்னும் மென்மையாகி வேலை செய்யாமல் போகலாம். மத்தியான வெயிலில் பைக் மேல் கிடந்த ஜக்கெட்டின் கவசம் 40 பாகையைச் சுலபமாகத் தாண்டும். ஐரோப்பியருக்கு அது மேலதிக வசதி, நமக்கு அது அடிப்படை.

காற்றுப் போகட்டும் என்று ஒரு சைஸ் பெரிதாக எடுப்பது நம்மிடையே பெரிய பிழை. பைக்கில் இருப்பதுபோல் கையை நீட்டி, முழங்கைக் கவசத்தைப் பிடித்துத் திருகிப் பாருங்கள். பக்கத்துக்குப் போனால் விழும்போதும் போகும். உள்ளே பருத்தி டீ-சேட்டுக்குப் பதிலாக, வியர்வையை உறிஞ்சிப் பரப்பும் மெல்லிய முழுக்கை பனியன் போட்டால் ஓடும்போது உடம்பு குளிரும்.

சாதாரண ஜீன்ஸ் பாதுகாப்பு இல்லை. 50இல் விழுந்தவர் சறுக்கி நிற்க இரண்டு விநாடிக்கு மேல் எடுக்கும். மெல்லிய டெனிம் ஒரு விநாடியளவில் கிழிந்துவிடும். பொலியெஸ்டர் ட்ராக் களிசான் அதைவிட மோசம், உராய்வுச் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டும். அரமிட் எனும் தேயாத வலுவான நாரில் நெய்த லைனிங் உள்ள ரைடிங் ஜீன்ஸ் வாங்கினால் உட்பக்கத்தைப் புரட்டி, லைனிங் இடுப்பெலும்பு வரை போகிறதா என்று பாருங்கள். சிலவற்றில் முழங்காலில் மட்டும் ஒரு துண்டு இருக்கும். கோட்டையில் ஒபிஸ் வேலை செய்பவர்களுக்கு, பக்கவாட்டில் முழு நீளச் சிப் வைத்த மெஷ் மேற்களிசான் நல்லது. சப்பாத்தைக் கழற்றாமலே கழற்றலாம், கீழே ஒபிஸ் களிசான் கசங்காது. அதற்கும் வசதிப்படாதவர்கள் முழங்கால் கவசத்தைத் தனியாகக் கட்டலாம். முழங்காலுக்கு மேலே ஒரு பட்டி, கீழே ஒரு பட்டி இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ஒரே பட்டி என்றால் சறுக்கும்போது இறங்கிவிடும். சல்வாரின் சால்வையை முன்னால் முடிச்சுப் போட்டு ஜக்கெட்டுக்குள் விடுங்கள். பின் சில்லில் சிக்கும் சால்வை கழுத்தையும் சேர்த்து இழுக்கும்.

காலுக்குப் பாட்டா வேண்டவே வேண்டாம். கணுக்காலை மூடும் சப்பாத்து, அடிப்பகுதி வளையாததாக. விரல் பக்கத்தையும் குதிகாலையும் பிடித்துப் பிழிந்து பாருங்கள், எளிதாக முறுகினால் பைக்குக் கீழே கால் அகப்படும்போதும் முறுகும். தரம் இ.என். 13634. லேஸ் இருந்தால் உள்ளே செருகுங்கள், கியர் லீவரில் மாட்டும். பொலியூரிதேன் அடி வைத்த சப்பாத்தும் அதே பூச்சுப் பூசிய போலித் தோலும் நம் ஈரக்காற்றில் சில வருடங்களில் உதிர்ந்துவிடும், பாவிக்காமல் பெட்டியில் வைத்திருந்தாலும். இறப்பர் அடியாக எடுங்கள்.

காசு ஒரேயடியாக இல்லாவிட்டால் ஹெல்மெட், கையுறை, சப்பாத்து, ஜக்கெட், களிசான் என்ற ஒழுங்கில் வாங்கலாம். ஹெல்மெட்டில் மட்டும் பாவித்ததை வாங்காதீர்கள்.

மழைக்கு, மெஷ் ஜக்கெட்டின் உள்ளே போடும் நீர்புகா லைனர் இங்கே சரிவராது. வெளியே இருக்கும் துணி முழுக்க நனைந்து பாரமாகி, மறுநாள் காலையிலும் காயாது. மேலே போடும் இரண்டு துண்டு மழைக்கோட், வெளிச்சமான நிறத்தில், பின்னால் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் பட்டியோடு. பளீர் மஞ்சள் பகலில்தான் தெரியும், இரவில் அந்தப் பட்டிதான் தெரியும். ஒரே விரிப்பாகத் தொங்கும் பொன்சோ காற்றில் பறந்து சங்கிலியில் மாட்டும்.

ஹெல்மெட்டைப் பக்கக் கண்ணாடியில் கொழுவாதீர்கள், கண்ணாடியின் முனை ரெஜிபோமை உள்ளிருந்து குத்திக் குழியாக்கும். பெற்றோல், தின்னர் எதுவும் ஓட்டில் படக் கூடாது. லைனிங்கைப் பிள்ளைகளின் ஷாம்பூவில் கழுவி நிழலில் காயவிடுங்கள். தோல் கையுறையை நனைந்தபடி பையில் போட்டால் மூன்றாம் நாள் பூஞ்சணம் பிடிக்கும். காற்றாடிக்குக் கீழே விரித்துவிடுங்கள்.

விழுந்த பிறகு, தலை தரையில் பட்டிருந்தால் ஓட்டில் கீறலே இல்லாவிட்டாலும் ஹெல்மெட்டை மாற்றுங்கள். நசுங்கல் உள்ளே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கவசங்களை வெளியே எடுத்து வளைத்து வெடிப்புப் பாருங்கள், கையுறையின் தையல் ஒன்று விட்டிருந்தாலும் அதைக் கழியுங்கள். அடியே படாத ஹெல்மெட்டையும் பாவிக்கத் தொடங்கி ஐந்து வருடத்தில் மாற்றச் சொல்கிறார்கள் பெரும்பாலான உற்பத்தியாளர்கள். உற்பத்தித் திகதி கன்னப் பஞ்சுக்குக் கீழே அல்லது பட்டியில் இருக்கும். கடையில் காசு கொடுக்கும் முன் அதையும் பாருங்கள்.