மீன் தண்ணீரில் ஒரு வாழை

கீரையோடு நிறுத்தியிருக்கலாம். கீரைக்கும் புதினாவுக்கும் மீன் தண்ணீரே தாராளமாகப் போதும், மாதக்கணக்கில் ஒரு தொல்லையும் தந்ததில்லை. ஆசை யாரை விட்டது, ஜல்லித் தொட்டியின் மூலையில் ஒரு வாழை ஈட்டிக்கன்றை, அதாவது ஈட்டி போலக் குறுகிய இலையோடு வரும் பக்கக்கன்றை, ஊன்றிவிட்டேன்.

அக்வாபோனிக்ஸ் புதிதென்றால் விஷயம் இதுதான்: மீன் தொட்டித் தண்ணீரை மோட்டார் மேலே ஜல்லித் தொட்டிக்கு ஏற்றும், மீன் கழிவின் அம்மோனியாவை ஜல்லியில் ஒட்டி வாழும் பாக்டீரியா முதலில் நைட்ரைட்டாகவும் அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றும், அதைச் செடி எடுத்துக்கொள்ள, தண்ணீர் திரும்ப மீனுக்கே போகும். பாக்டீரியா குடியேற 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை பொறுக்காமல் தொட்டி நிறைய மீன் விட்டால் செத்து மிதக்கும், நான் பார்த்திருக்கிறேன்.

வாழை ஆரம்பத்தில் பிரமாதமாக வந்தது, வெயில் காலத்தில் வாரத்துக்கு ஒரு இலை. ஐந்தாம் மாதம் அடி இலைகளின் ஓரம் நுனியிலிருந்து மஞ்சளடித்துக் காய ஆரம்பித்தது. சத்துக் குறைவு என்று மீன் தீவனத்தைக் கூட்டினேன், முட்டாள்தனம். நைட்ரேட் ஏற்கெனவே ஏராளம், சோதனைக் குழாயில் மருந்து விட்டதும் தண்ணீர் ரத்தச் சிவப்பாக நின்றது. குறைந்தது பொட்டாசியம். தீவனம் மீனுக்காகச் செய்தது, அதில் வாழையின் பசிக்கு ஏற்ற பொட்டாசியம் இருக்காது, வாழையோ நைட்ரேட் தரும் தழைச்சத்தைவிடப் பொட்டாசியத்தைத்தான் அதிகம் தின்னும். நல்லவேளை, பாக்டீரியாவின் வேலையால் தண்ணீரின் பிஎச், அதாவது அமில-கார அளவு, தானாக இறங்கிக்கொண்டே இருக்கும், அதை ஏற்ற எதையாவது போட்டுத்தான் ஆக வேண்டும். அந்த எதையாவது பொட்டாசியம் பைகார்பனேட்டாக இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட வேண்டும், பிஎச் சடாரென்று ஏறினால் தண்ணீரில் இருக்கும் அம்மோனியா மீனுக்கு விஷமாகிவிடும். குருத்திலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது வேறு கதை, இரும்புச்சத்துக் குறைவு.

சரி, இலை தேறியது. அடுத்து வேர். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் ஜல்லித் தொட்டி விளிம்பு தாண்டி வழிகிறது, கீழே மீன்கள் சாண் ஆழத் தண்ணீரில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கின்றன. தொட்டி நிரம்பியதும் தண்ணீரைத் தானாகக் கீழே இழுத்து வடிக்கும் குழாய்தான் பெல் சைஃபன், அதன் மூடியைக் கழற்றினால் உள்ளே வெள்ளை வெளேரென்று சடை போல வேர். பிடித்து இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது, குழாய் முழுக்க அதுதான். இப்போது அந்தத் தொட்டியில் தக்காளி, மிளகாயோடு சரி. வாழைக்குத் தனி டிரம், பெரிய கூழாங்கல், அகலமான வடிகுழாய், சைஃபன் கிடையவே கிடையாது. வேரில் பாதியை அறுத்துத்தான் மாற்றினேன், இரண்டு வாரம் முகம் வாடி நின்றுவிட்டுப் பிழைத்துக்கொண்டது.

பக்கக்கன்றில் ஒன்றை மட்டும் விட்டு மற்றதை வெட்டிவிடுகிறேன். தார் விட்டாயிற்று, ஏழு சீப்பு. கூழாங்கல்லில் மண் போலப் பிடிமானம் கிடையாது, நாளுக்கு நாள் தார் கனக்க மரம் மீன் தொட்டிப் பக்கமாகச் சாய்கிறது. நாளைக்கு முட்டுக் கொடுக்கக் கவைக்கம்பு தேட வேண்டும்.