உதடு மரத்துவிட்டால் போதுமா?

பல் பிடுங்கவோ வேர் சிகிச்சைக்கோ வருகிறவர்களுக்கு மரப்பு ஊசிதான் பெரிய விஷயம். என்னைக் கேட்டால், ஊசி போட்ட பிறகு வரும் நிமிடங்கள்தான் பெரிய விஷயம். மருந்தை நாங்கள் நரம்புக்குள் ஏற்றுவதில்லை. நரம்புக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு ஊசியை எடுத்துவிடுகிறோம். மிச்ச தூரத்தை மருந்துதான் கசிந்து கடக்க வேண்டும்.

மேல்தாடையில் அந்த தூரம் பெரிதில்லை. வெளிப்பக்க எலும்பு மெல்லியது, நுண்துளைகள் கொண்டது. வேர் நுனிக்கு நேரே, கன்னமும் ஈறும் சேரும் மடிப்பில் லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்தை விட்டால், அது எலும்பில் ஊறி நரம்பைத் தொட்டுவிடும். ஐந்து நிமிடம் போதும். முதல் கடைவாய்ப் பல்லில் மட்டும் சிலருக்குத் தாமதமாகும். கன்ன எலும்பின் அடிப்பகுதி அங்கே தடிப்பாக இறங்கியிருக்கும்.

கீழ்த்தாடை அப்படி விடாது. பெரியவர்களுக்குக் கடைவாய்ப் பக்கம் வெளி எலும்பு கெட்டி. அதனால் நரம்பு எலும்புக்குள் நுழையும் துளைக்குச் சற்று மேலே, தாடையின் பின்பகுதியில் உட்புறமாகப் போய் மருந்தை விடுகிறோம். 1884-85இல் நியூயார்க்கில் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் கொக்கெயினைக் கொண்டு செய்ததும் இதைத்தான். அந்த நரம்பு ஒரு நூல் கற்றை போன்றது. வெளிச்சுற்று இழைகள் கடைவாய்ப் பற்களுக்கும், நடு இழைகள் முன்பற்களுக்கும் போவதாகச் சொல்வார்கள். மருந்து வெளியிலிருந்து உள்ளே ஊறுவதால் முன்பற்கள் மரக்க அதிக நேரம் பிடிக்கும்.

ஒருநாள் கிராமத்துப் பெரியவர் ஒருவர் கீழ்க்கடைவாய்ப் பல் வலியோடு வந்தார். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. ஊசி போட்டுக் காத்திருந்தேன். நாக்கு மரத்தது, அந்தப் பக்கத்துப் பாதி உதடும் மரத்தது. பல் மரத்ததா என்று பார்க்கக் குளிர் ஸ்ப்ரே அடித்த பஞ்சை அதில் வைத்ததும் அவர் கை நாற்காலியை இறுகப் பிடித்தது.

"ஒதடு செத்துப்போச்சு தாயி, பல்லு மட்டும் உசுரோட கெடக்கு" என்றார்.

"மிஷினை இப்பத் தொடமாட்டேங்கய்யா, பொறுங்க" என்றேன்.

உதடு மரத்தால் நரம்புக்கு மருந்து போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பல்லுக்குள் நரம்புகள் ஓடும் மென்திசுவான பற்கூழ் மரத்துவிட்டது என்று அர்த்தமில்லை. லிக்னோகெயினில் மின்னூட்டமில்லாத மூலக்கூறுகள்தான் நரம்பின் கொழுப்புச் சவ்வைக் கடக்கும். உடலின் இயல்பான பி.எச். (அமில-கார அளவு) 7.4இல் அவை ஏறக்குறைய கால் பங்குதான். அழற்சியுள்ள திசுவில் அமிலம் கூடுவதால் அதுவும் குறையும். ஆனால் நான் ஊசி போட்டதோ பல்லுக்கு வெகு பின்னால். அதனால் அமிலத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நாள்பட அழன்ற கூழின் நரம்புகளே மாறிப்போகின்றன; வலிச் செய்தியைக் கிளப்பும், மருந்துக்கு லேசில் அடங்காத சோடியம் வாயில்கள் அவற்றில் பெருகிவிடுகின்றன.

இதை அறியாமலா, அவசரத்திலா தெரியவில்லை, "இவர் ரொம்ப பயப்படுறார்" என்று சொல்லிவிட்டுத் துளைக்கத் தொடங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கோபம் வரும். வலிக்கிறது என்று நோயாளி சொன்னால் வலிக்கிறது, அவ்வளவுதான்.

பெரியவருக்கு அந்தப் பல்லை ஒட்டிக் கன்னப் பக்கம் 4 சதவீத ஆர்ட்டிகெயின் என்ற இன்னொரு மரப்பு மருந்தைப் போட்டேன். அதன் மூலக்கூறில் உள்ள தயோஃபீன் என்ற கந்தக வளையத்தால் அது கொழுப்பில் எளிதாகக் கரையும். கெட்டியான கீழ்த்தாடையிலும் லிக்னோகெயினைவிட நன்றாக ஊடுருவும். பிறகு வேருக்கும் எலும்புக்கும் நடுவிலுள்ள இடுக்கில், ஒவ்வொரு வேருக்கும் 0.2 மில்லி. இந்த ஊசி சரியான இடத்தில் நின்றால் கட்டைவிரலுக்கு நல்ல எதிர்ப்பு தெரியும். லேசாக இறங்கினால் மருந்து வாய்க்குள் வழிகிறது என்று பொருள். வேரை ஒட்டியே அது கீழே இறங்குவதாகப் பலர் நினைப்பார்கள். உண்மையில் பற்குழியின் சுவரிலுள்ள துளைகள் வழியே எலும்பு மஜ்ஜைக்குள் புகுந்து, அங்கிருந்துதான் வேர் நுனிக்குப் போகிறது.

மறுபடி குளிர் பஞ்சை வைத்தேன். தலையை மெல்ல ஆட்டி, "ஒண்ணுந் தெரியல" என்றார். கூழை எடுத்துக் கால்வாய்களைச் சுத்தம் செய்தேன்.

அடுத்த முறை வந்ததும், "இன்னைக்கும் அத்தனை ஊசியா தாயி?" என்று கேட்டார். உள்ளே கூழ் இல்லை, அழற்சியும் அடங்கியிருந்தது. வழக்கமான ஒரே ஊசியில் வேலை முடிந்தது.