சூடே ஏறாத டிஷ்வாஷர்

ஒரு வாரமாகவே பாத்திரமெல்லாம் ஈரமாக வந்தது, சாம்பார் கிண்ணத்தில் எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருந்தது, நானும் சோப்பு மாத்திரையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். 65 டிகிரி வாஷை நடுவில் நிறுத்தித் திறந்து பார்த்தால் உள்ளே பச்சைத் தண்ணீர். சரி, ஹீட்டர் போய்விட்டது என்று முடிவுகட்டி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு (இதை மறக்கவே கூடாது) ஹீட்டர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தேன்: 27 ஓம். 230 வோல்ட்டில் ஏறக்குறைய 2000 வாட் ஹீட்டருக்கு அது சரியான அளவுதான், கம்பி அறுந்திருந்தால் இப்படி ஓம் காட்டாது. அப்புறம் கன்ட்ரோல் போர்டைக் கழற்றினால், ஹீட்டர் ரிலேயின் (ஹீட்டருக்கு மின்சாரத்தை விடும் சுவிட்ச்) காலைச் சுற்றி ஈயம் வட்டமாக விரிசல் விட்டிருந்தது, அதனால்தான் ஹீட்டருக்கு மின்சாரம் போகவில்லை. மெக்கானிக் புது ஹீட்டருக்கே விலை சொல்லியிருந்தார், நல்லவேளை வாங்கவில்லை! பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தேன். இப்போது தட்டை எடுத்தால் கை சுடுகிறது.