மருந்து மட்டும் அடிச்சா கரையான் போகாது

எங்க ஊர் மாயவரம் பக்கம். களிமண்ணு, வாய்க்கால் தண்ணி, ஐப்பசி கார்த்திகைல அடைமழை, மத்த நாள்ல புழுக்கம்னு கரையானுக்கு என்னென்ன வேணுமோ அத்தனையும் இருக்கிற ஊரு. தெருவுல யார் வீட்டுக்குப் போனாலும் பேச்சு எப்படியாவது கரையான்ல வந்து நிக்கும், எல்லாரும் கேக்கிறதும் ஒண்ணுதான், எந்த மருந்து நல்ல மருந்து? மருந்து வேணாம்னு நான் சொல்லல, ஆனா ஈரம் எங்கேர்ந்து வருது, மரம் எந்த இடத்துல மண்ணைத் தொடுதுன்னு பாக்காம மருந்துக்கு மட்டும் காசு குடுத்தா கொஞ்ச வருஷத்துல அதே சுவத்துல மறுபடியும் மண்கோடு ஏறத்தான் போகுது.

நம்ம பக்கம் வீட்டுக்குள்ள வர்றது பெரும்பாலும் மண்ணுக்குள்ள கூடு வச்சு வாழுற கரையான். அதோட தோல் ரொம்ப மெல்லிசு, காத்தும் வெயிலும் பட்டா சீக்கிரம் காஞ்சு செத்துடும், அதனாலதான் வெளில வரணும்னா மண்ணையும் எச்சியையும் குழைச்சு பென்சில் தடிமனுக்கு ஒரு குழாய் கட்டி அதுக்குள்ளயே போகும் வரும். சுவத்துல நாம பாக்கிற கோடு அதுதான். சிலர் அதைப் பாத்ததும் விளக்கமாத்தால தட்டி மண்ணெண்ணெய் ஊத்திட்டு வேலை முடிஞ்சுதுன்னு இருந்துடறாங்க, கூடு மண்ணுக்குள்ள பத்திரமா இருக்கு, இங்க வழி அடைச்சா அது ஸ்கர்ட்டிங் டைல்ஸுக்குப் பின்னாடியோ கரண்டு பைப் வழியாவோ வேற பக்கம் ஏறிடும். அந்தக் கோட்டுல நடுவுல ஒரு இன்ச் மட்டும் உடைச்சு விட்டுட்டு நாலஞ்சு நாள் கழிச்சுப் பாருங்க, ஈரமண் வச்சு அடைச்சிருந்தா உள்ள நடமாட்டம் இருக்குன்னு உறுதி. அடைக்கலன்னா அது ஓடிப்போச்சுன்னு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க, வேற வழி போட்டிருக்கலாம், சுத்தி நல்லா தேடணும்.

கோடே தெரியாமலும் தின்னும், அதுதான் கொடுமை. போன மழைக்கு அப்புறம் எங்க பின்கட்டு வாசப்படில நிலைக்காலை ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டிக்கிட்டே வந்தேன், மேல வரைக்கும் கெட்டியான சத்தம், தரையிலேர்ந்து ஒரு சாண் உயரத்துல மட்டும் டொக்குனு கூடா கேட்டுது. பெயிண்ட் பளபளன்னுதான் இருக்கு, ஒரு ஓட்டை கிடையாது. முனையை வச்சு லேசா அழுத்தினா அப்படியே உள்ள போயிடுச்சு. பெயிண்ட்டைப் பிரிச்சா உள்ள மரத்தோட ரேகை ரேகையா மெல்லிசா தகடு நிக்குது, நடுவுல எல்லாம் ஈரமண்ணு, வெள்ளை வெள்ளையா கரையான் நெளியுது. ஆசாரி வந்து பாத்துட்டு, "தம்பி, வைரம் பாஞ்ச இடத்தைத் தொடல பாருங்க, வெள்ளையைத்தான் தின்னுருக்கு, இந்தக் காலுல வெள்ளை ஜாஸ்தி"ன்னாரு. தேக்குன்னு சொல்லி வாங்கினாலும் இதான் விஷயம், நடுவுல இருக்கிற வைரம்தான் கரையானைத் தாங்கும், ஓரத்து வெள்ளைக்கு அந்த சக்தி கிடையாது. மாமரம், ரப்பர் மரம் எல்லாம் கேக்கவே வேணாம். ப்ளைவுட் வாங்கும்போதும் வாட்டர்ப்ரூஃப்னு எழுதியிருந்தா கரையான் வராதுன்னு நம்பிடாதீங்க, மரத்துக்கே கரையான் மருந்து ஏத்தியிருக்கான்னு தனியா கேளுங்க.

பழைய வீடுகள்ல மரத்தூணுக்கு அடியில ஒரு கல் வச்சிருப்பாங்க பாருங்க, எனக்கு அதைப் பாக்கிறப்ப எல்லாம் அந்தக் காலத்து ஆளுங்க மேல அவ்வளவு மரியாதை வரும். மரத்தை மண்ணுலேர்ந்தும் தரை ஈரத்துலேர்ந்தும் பிரிச்சு வைக்கிறது அந்தக் கல்லுதான், அதைத் தாண்டி ஏறணும்னா கரையான் வெளில குழாய் கட்டித்தான் ஆகணும், நம்ம கண்ணுல பட்டுடும். இப்ப என்ன பண்றோம்னா பழைய தரை மேலயே சிமெண்ட் கலவை கொட்டி டைல்ஸ் ஒட்டி தரையை நாலு இன்ச் உசத்திடறோம், கல்லு உள்ள போயிடுது, தூணோட அடியும் நிலையோட அடியும் கலவைக்குள்ள புதைஞ்சு நிக்குது. தரையை உசத்தித்தான் ஆகணும்னா மரத்தைச் சுத்தி இடம் விட்டு முடிங்க, கொத்தனார் முணுமுணுப்பாரு, பரவால்ல.

ஈரத்துக்கு வருவோம். பாத்ரூம் சுவத்துக்கு அந்தப்பக்கம் கப்போர்டு, ஏசி தண்ணி சொட்டுற இடம், கூரைத்தண்ணி நேரா சுவத்தடியில விழுற இடம், சுவத்தை ஒட்டி வச்ச பூந்தொட்டி, கொல்லைல சுவத்துல சாய்ச்ச விறகு, தென்னமட்டை. இதெல்லாம் மருந்து ஆளு வர்றதுக்கு முன்னாடி நாமளே சரி பண்ண வேண்டியது. வீடு கட்டும்போது செண்ட்ரிங் பலகைத் துண்டை அப்படியே மண்ணுக்குள்ள விட்டு மூடிடறது, வெட்டின மரத்தோட அடிக்கட்டையைத் தோண்டாம விடறது, இது ரெண்டும் கரையானுக்கு நாமளே போடுற பந்தி.

மழை பேஞ்ச சாயங்காலம் ஈசல், அதான் இறக்கை முளைச்ச கரையான், வந்தா பயப்படாதீங்க, வெளிலேர்ந்து லைட்டைப் பாத்து வர்றது எல்லா வீட்டுக்கும் வரும். ஆனா ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தும் உள்ள குவியலா இறக்கை கிடந்தா, இல்ல சுவத்து விரிசல்லேர்ந்தே ஈசல் புறப்பட்டா, கூடு வீட்டுக்கு அடியிலயோ ஒட்டியோதான் இருக்கு, தள்ளிப்போட நேரமில்ல. (புத்துக்காளான் பறிச்சு சாப்பிட்டிருப்பீங்க, அந்தக் காளானும் கரையான் கூட்டுக்குள்ள தன் சாப்பாட்டுக்குப் பயிர் பண்ற பூஞ்சைலேர்ந்து வர்றதுதான்.)

இன்னொண்ணு, மரச்சாமானுக்குக் கீழ ரவை சைஸ்ல காஞ்ச உருண்டை உருண்டையா கொட்டியிருந்தா அது வேற ஜாதி, காஞ்ச மரத்துக்குள்ளயே குடும்பம் நடத்துற கரையான், அதுக்கு மண்ணே வேணாம். சன்ன மாவா கொட்டினா அது உளு, வண்டு வேலை. இந்த ரெண்டுக்கும் தரையில ஓட்டை போட்டு மருந்து விட்டு ஒரு புண்ணியமும் இல்ல, அந்த மரத்துக்குத்தான் வைத்தியம். இதைப் பாக்காமலே வீடு முழுக்க ட்ரில் பண்ணி காசு வாங்கிட்டுப் போறாங்க, எனக்கு வயிறு எரியுது.

மண்ணுக்கரையான்தான்னு உறுதியானா, கட்டின வீட்டுக்குன்னே ஐஎஸ் 6313ங்கிற கரையான் தடுப்புக்கான இந்தியத் தர விதில மூணாவது பாகம் இருக்கு, அதுல சொன்னபடி செய்யச் சொல்லுங்க. தரையும் சுவரும் சேர்ற இடத்துல 12 மில்லிமீட்டர் ஓட்டை, ஓட்டைக்கு ஓட்டை 30 சென்டிமீட்டர், ஒவ்வொண்ணுலயும் மண் குடிக்கிற வரைக்கும், அதிகபட்சம் ஒரு லிட்டர் கலவை, அப்புறம் சிமெண்ட் வச்சு அடைப்பு. இமிடாக்ளோப்ரிட் 30.5 சதவீத மருந்துன்னா லிட்டர் தண்ணிக்கு 2.1 மில்லி. அதுல ஒரு நல்லது, மருந்து இருக்கிறதே கரையானுக்குத் தெரியாது, நடந்து போய் கூட்டுல மத்ததுக்கும் பரப்பும். டப்பாவை உங்க முன்னாடி சீல் உடைச்சு உங்க முன்னாடியே கலக்கச் சொல்லுங்க, கலந்து எடுத்துட்டு வந்ததை ஒத்துக்காதீங்க. கிணறு பக்கத்துல இருந்தா முதல்லயே காட்டிடுங்க, அந்தப் பக்கம் மருந்து இறங்கவே கூடாது. வாரண்டி பேப்பர்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிங்க, பெரும்பாலும் மறுபடி வந்து மருந்து அடிச்சுக் குடுப்போம்னுதான் இருக்கும், கரையான் தின்னு போன கதவுக்கு யாரும் காசு தரமாட்டாங்க. புதுசா ட்ரில் பண்ற இடத்துல தண்ணி பைப்பும் கரண்டு பைப்பும் எங்க ஓடுதுன்னு சாக்பீஸால கோடு போட்டு வச்சுட்டு ஆளைக் கூப்பிடுங்க.