வேகத்தடையில் மினுக்கும் ஆயில் விளக்கு: மூன்று ஒயர் சென்சார் சர்க்யூட்டைப் பிரித்துப் பார்த்தது

வண்டி காமன் ரெயில் டீசல். ஆயில் பிரஷர் சென்சார் மூன்று ஒயர் வகை. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது மட்டும் சிவப்பு ஆயில் விளக்கு மினுக்கி அணையும். ஸ்கேனரில் பி0522 என்ற கோடு (கோளாறுக் குறியீடு), அதாவது சிக்னல் வோல்டேஜ் குறைவு. சென்சார் ஏற்கெனவே புதிதாக மாற்றப்பட்டிருந்தும் தொந்தரவு அப்படியே இருந்தது.

இந்த விளக்கு விஷயத்தில் முதலில் மல்டிமீட்டரை எடுக்கக் கூடாது. நிஜமாகவே பிரஷர் இல்லாமல் ஓட்டினால் பேரிங் பிடித்து கிராங்க் வரை போய்விடும். எனவே டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் பார்த்த கையோடு, சென்சாரைக் கழற்றி அதே துளையில் மெக்கானிக்கல் கேஜ் பூட்டப்பட்டது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் 1.5 பார், 2000 ஆர்பிஎம்மில் 3.4 பார். பம்பும் பேரிங்கும் நன்றாகவே இருக்கின்றன. இனிமேல் இது எலக்ட்ரிக்கல் வேலை மட்டும்தான்.

சென்சாருக்கு வரும் மூன்று ஒயர்கள்: 5 வோல்ட் சப்ளை, எர்த், சிக்னல். இந்த வகையில் பிரஷர் பூஜ்யமாக இருக்கும்போது சிக்னல் 0.5 வோல்ட், 10 பாரில் 4.5 வோல்ட். ஒரு பாருக்கு 0.4 வோல்ட் ஏறும். கேஜ் காட்டிய 1.5 பாருக்கு 1.1 வோல்ட்டும், 3.4 பாருக்கு 1.86 வோல்ட்டும் வர வேண்டும். இந்தக் கணக்கைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. எல்லா வண்டியிலும் இதே அளவு இருக்காது, சர்வீஸ் மேனுவலைப் பார்த்துவிடுங்கள்.

சென்சாரைத் திரும்பப் பூட்டி, கனெக்டரின் பின்பக்கமாக மெல்லிய ஊசி செருகி அளந்தது இது. ஒயரின் தோலைக் குத்தி அளக்க வேண்டாம், அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி பிறகு செம்பு பச்சை பிடிக்கும். சப்ளை 5.01 வோல்ட். இன்ஜின் ஓடும்போது சென்சாரின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.02 வோல்ட். இது 0.1-ஐத் தாண்டினால் எர்த் ஒயரைச் சந்தேகப்பட வேண்டும். சிக்னல் ஐடிலில் 1.1 வோல்ட், கணக்கோடு சரியாக ஒத்துப்போனது. ஆக, நிற்கும் வண்டியில் குறை எதுவுமே தெரியவில்லை. பலர் இங்கேதான் கைவிட்டு இன்னொரு சென்சார் வாங்குகிறார்கள்.

பி0522-ஐயே கொஞ்சம் யோசித்தால் வழி கிடைக்கும். கனெக்டரைக் கழற்றி, சாவியைப் போட்டு, ஹார்னஸ் (ஒயர் கட்டு) பக்கச் சிக்னல் பின்னை அளந்தபோது 5 வோல்ட் இருந்தது. இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) உள்ளிருந்தே அந்த ஒயரை மேலே இழுத்து வைத்திருக்கிறது. அப்படியென்றால் ஒயர் அறுந்தால் வோல்டேஜ் ஏறி பி0523 வர வேண்டும். வந்திருப்பதோ குறைவு என்ற கோடு. ஆகவே ஒயர் கட் ஆகவில்லை, எங்கோ பாடியைத் தொடுகிறது. 5 வோல்ட் சப்ளையே ஷார்ட் ஆகியிருந்தால் அதைப் பகிரும் மற்ற சென்சார்களுக்கும் கோடு விழுந்திருக்கும், அதுவும் இல்லை.

மீட்டரை மின்-மேக்ஸ் மோடில் (குறைந்தபட்ச, அதிகபட்ச அளவைப் பிடித்து வைக்கும் மோட்) வைத்து, இன்ஜினை ஐடிலில் விட்டு, ஹார்னஸை ஒரு முனையிலிருந்து அரை அடி அரை அடியாக அசைத்துக்கொண்டு போனதில், ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டின் பின்னால் அழுத்தியதும் குறைந்தபட்ச அளவு 0.03 வோல்ட்டுக்கு விழுந்தது. (ஃபேன் பெல்ட் பக்கம் கை போகிறது, தொங்கும் சட்டைக்கை வேண்டாம்.) பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சென்சார் கனெக்டரையும் இசியூ கனெக்டரையும் விடுவித்து ஓம்ஸில் பார்த்தபோதும் அதே இடத்தில் அழுத்தினால் சிக்னலுக்கும் பாடிக்கும் இடையே 2 ஓம், விட்டால் ஓப்பன், அதாவது தொடர்பே இல்லை.

ஸ்லீவைப் பிரித்ததும் காரணம் கண்ணில் பட்டது. ஹார்னஸைப் பிடித்திருக்க வேண்டிய பிளாஸ்டிக் கிளிப் உடைந்து, ஒயர் பிராக்கெட்டின் கூர்முனையில் உரசியிருக்கிறது. தோல் ஒரு நெல் அளவுக்குத் தேய்ந்து, உள்ளே செம்பு ஒரு பக்கம் பளபளப்பாக, மறுபக்கம் கறுத்து இருந்தது. வேகத்தடையில் இன்ஜின் மவுண்டில் ஆடும்போது மட்டும் அது இரும்பைத் தொட்டிருக்கிறது.

கறுத்த பகுதி முழுவதையும் வெட்டிவிட்டு, அதே தடிமனுள்ள ஒயர் சேர்த்து, கிரிம்ப் செய்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போடப்பட்டது. சால்டர் வைத்தால் ஈயம் ஒயருக்குள் ஏறி விறைத்துவிடும், அதிரும் இடத்தில் அந்த ஓரத்திலேயே ஒடியும். பிராக்கெட் முனையை அரத்தால் மழுக்கி, புதிய கிளிப் போட்டாயிற்று. கோளாறுக் குறியீட்டை அழித்து அதே சாலையில் ஓட்டியபோது சிக்னல் 0.5-க்குக் கீழே ஒருமுறைகூட இறங்கவில்லை.

பழைய ஒற்றை ஒயர் சுவிட்ச் உள்ள வண்டியில் வேலை எளிது. சாவி போட்டு இன்ஜின் நிற்கும்போது விளக்கு எரிய வேண்டும், ஒயரைக் கழற்றினால் அணைய வேண்டும். அணையாவிட்டால் ஒயர் பாடியில் ஷார்ட். எரியவே இல்லை என்றால் கழற்றிய ஒயரை பிளாக்கில் தொட்டுப் பாருங்கள்: எரிந்தால் சுவிட்ச் போச்சு, எரியாவிட்டால் பல்பு, ஃபியூஸ் அல்லது ஒயர். கனெக்டருக்குள் ஆயில் கசிந்திருந்தாலும் சுவிட்சை மாற்றிவிடுங்கள். புதியதைப் பூட்டும்போது மரை முழுக்க டெஃப்ளான் டேப் சுற்றுவது இங்கே நிறையப் பேருக்குப் பழக்கம். அந்தச் சுவிட்சுக்கு எர்த்தே அந்த மரைதான். டேப் அதைத் தடுத்தால் விளக்கு எரியாது, பிய்ந்த துண்டு ஆயில் வழியிலும் போய் அடைக்கும். சீலன்ட் தேவைப்பட்டால் முதல் இரண்டு மரையை விட்டு மெல்லிசாகத் தடவினால் போதும்.