பேப்பரை விடாதீங்க: தருமபுரியிலிருந்து ஒரு குரூப் 1 அனுபவம்

ரிசல்ட் வந்ததிலிருந்து போன் செய்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எந்த மெட்டீரியல் படிச்சீங்க?" மெட்டீரியல் எல்லோரிடமும் இருப்பதுதான் என்னிடமும் இருந்தது. பள்ளிப் புத்தகம், பழைய வினாத்தாள், ஒரு டெஸ்ட் பேட்ச். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. என்னைக் கரை சேர்த்தது தினசரி பேப்பர், அதை நான் படித்த விதம். மெயின்ஸில் அரசியல், சமூகப் பிரச்சினை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும், அப்புறம் இன்டர்வியூவிலும், பேச்சு ஒரே இடத்துக்கு வந்து நின்றது. மக்கள் ஏன் தலைவர்களை நம்புவதில்லை, அதில் பத்திரிகைகளுக்கு என்ன பங்கு? இந்த ஒரு தலைப்பை ஒழுங்காகப் பிடித்தால் ஊழல், தேர்தல் சீர்திருத்தம், தகவல் உரிமை, ஊடகம், பொதுக்கருத்து எல்லாம் கூடவே வந்துவிடும். அதனால் இங்கே அதை மட்டுமே எழுதுகிறேன்.

நான் படித்த பயிற்சி மையத்தில் முதல் வகுப்பிலேயே சொன்னார்கள்: "பேப்பர் படிச்சு நேரத்தை வீணாக்காதீங்க, மாசக் கடைசியில நாங்களே தொகுத்துத் தர்றோம்." பிரிலிம்ஸுக்கு அது போதும், மறுக்கவில்லை. மெயின்ஸுக்கும் அதையே நம்பி உட்கார்ந்தவர்களில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். எல்லோருடைய விடைத்தாளிலும் அதே நாலு வரி. கிராமத்திலிருந்து கடன் வாங்கி வந்து ஃபீஸ் கட்டிய பிள்ளைகள் அவர்கள். நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

தொகுப்பில் செய்தியின் சாரம் இருக்கும். அந்தச் செய்தி யார் சொல்லி வந்தது, எந்தப் பேப்பரில் முதல் பக்கம், எதில் ஏழாம் பக்கம், ஆறு மாதம் கழித்து என்ன ஆனது என்பது இருக்காது. தலைவர்கள் மீதான அவநம்பிக்கை வளர்வது அந்த ஆறு மாத இடைவெளியில்தான் என்பது என் கருத்து.

நான் செய்தது இதுதான். ஒரு நீள நோட்டில் மூன்று பத்தி. முதல் பத்தியில் செய்தி, ஒரே வரி. இரண்டாவதில் அதைச் சொன்னது யார்: அமைச்சரா, அரசாணையா, நீதிமன்றமா, தணிக்கை அறிக்கையா, இல்லை பெயர் இல்லாத 'வட்டாரமா'. மூன்றாவது பத்திக்கு 'அப்புறம்' என்று பெயர் வைத்தேன். அது முதலில் காலியாக இருக்கும். செய்தி திரும்ப வரும்போது தேதி போட்டு நிரப்ப வேண்டும். மாவட்ட மைய நூலகத்தில் எல்லாப் பேப்பரும் வரும். காலையில் கொஞ்சம் சீக்கிரம் போனால் கையில் கிடைக்கும். ஒரே செய்தியை இரண்டு பேப்பரில் படியுங்கள். கட்சி சார்ந்த பேப்பர் ஒன்றும் அவசியம் வேண்டும். தலைப்பைக் கையால் மறைத்துக்கொண்டு செய்தியை மட்டும் படித்துவிட்டு, நீங்களே ஒரு தலைப்பு எழுதிப் பாருங்கள். அப்புறம் கையை எடுங்கள். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறதோ, அவ்வளவு தூரம் அந்தப் பேப்பர் உங்களைத் தள்ளப் பார்க்கிறது.

சில நாட்களிலேயே எனக்குப் பளிச்சென்று தெரிந்தது: அடிக்கல் நாட்டு விழா முதல் பக்கத்தில் வரும், வேலை நின்று போனது வரவே வராது. எங்கள் மொரப்பூர்–தருமபுரி ரயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெயர்த்து எடுக்கப்பட்ட பாதை. அதைத் திரும்பப் போடுவது எங்கள் தாத்தா தலைமுறையிலிருந்து ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குறுதியாக வந்தது. 2019 மக்களவைத் தேர்தலுக்குச் சற்று முன் அடிக்கல் நாட்டினார்கள். அந்தப் படம் வந்த பேப்பரை மடித்து வைத்த ஆட்கள் எங்கள் பக்கம் உண்டு. ஒரு ஊர் ஏன் சலித்துப் போகிறது என்று கேட்டால் எனக்கு எந்தக் கோட்பாடும் தேவைப்படவில்லை.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இன்னும் நல்ல உதாரணம், ஏனென்றால் அதில் இரண்டு பக்கமும் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். என்னோடு பள்ளியில் படித்தவர்களில் பாதிப் பேருக்குப் பல்லில் பழுப்புக் கறை. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வார்கள். 2008 பிப்ரவரியில் அடிக்கல். உடனே கர்நாடகத்தில் எதிர்ப்பு. அந்த ஏப்ரலில், அங்கே தேர்தல் முடியட்டும் என்று திட்டம் தள்ளி வைக்கப்பட்டது. ஜப்பான் நிதியுதவியோடு வேலை நடந்து 2013 மே மாதம் திறந்தார்கள். அடிக்கல் நாட்டியது ஒரு ஆட்சி, திறந்தது இன்னொரு ஆட்சி. யாருடைய பெயரால் அந்தத் தண்ணீர் வந்தது என்பது நீங்கள் எந்தப் பேப்பரை வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒசூரில் எனக்கு ஒரு தோழி, தமிழ், கன்னடம் இரண்டும் படிப்பாள். அவள் அந்த நாள் கன்னடச் செய்திகளைத் தேடி எனக்குச் சொல்லச் சொல்ல, ஆற்றின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் வேறு வேறு திட்டம் போல இருந்தது. இந்த ஒரு உதாரணத்தை மாநில உறவு, பொதுச் சுகாதாரம், ஊடகம் என மூன்று விதமான கேள்விக்குப் பயன்படுத்தலாம்.

வாச்சாத்தியை எழுதாமல் தருமபுரிக்காரர் யாரும் இந்தத் தலைப்பை எழுதக் கூடாது என்று நினைக்கிறேன். 1992 ஜூன் 20. அரூர் பக்கம் சித்தேரி மலையடிவாரம். சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று போன வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊரையே சூறையாடினார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அரசுத் தரப்பு முதலில் மறுத்தது. பழங்குடி மக்கள் சங்கமும் இடதுசாரிகளும் விடாமல் நின்றதால்தான் விஷயம் நீதிமன்றம் போனது, சிபிஐ வந்தது. 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்து போயிருந்தார்கள். சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29-ல். என் நோட்டில் 'அப்புறம்' பத்தி நிரம்ப 31 வருடம் ஆன செய்தி இது. நம்பிக்கை எப்படி உடைகிறது, எதனால் மீண்டும் கொஞ்சம் ஒட்டுகிறது என்று கேட்டால் இதைவிடப் பெரிய பாடம் இல்லை. ஒருநாள் செய்தியாகப் போயிருக்க வேண்டியதைத் திரும்பத் திரும்ப எழுதி உயிரோடு வைத்த செய்தியாளர்களும் இருந்தார்கள். பத்திரிகை என்றாலே விலைபோனது என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு வராதீர்கள். திருத்துகிறவர் அதைச் சோம்பேறித்தனமாகத்தான் பார்ப்பார்.

இப்போது என் மையக் கருத்து. கட்டுரையிலும் சரி, இன்டர்வியூவிலும் சரி, இதைத்தான் சொன்னேன். அவநம்பிக்கை வேறு, ஒதுங்கிப் போவது வேறு. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிக வாக்குப்பதிவு தருமபுரியில், 81.20 சதவீதம். மத்திய சென்னையில் 53.96. 2021 சட்டமன்றத் தேர்தலில் மாநிலத்திலேயே அதிகம் பாலக்கோடு, 87.33. தலைவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுகிற அதே ஊர்தான் வெயிலில் வரிசையில் நிற்கிறது. 1991-ல் ஜெயலலிதாவை ஜெயிக்க வைத்த பர்கூர், 1996-ல் அவர் முதலமைச்சராக இருந்தபோதே தோற்கடித்தது. நம்பாத மக்கள் தங்களுக்குத் தெரிந்த ஒரே கருவியை இறுகப் பிடிக்கிறார்கள் என்பது என் வாதம். "மக்கள் அவநம்பிக்கையால் ஜனநாயகம் ஆபத்தில்" என்று தொகுப்பில் இருக்கும் வரியை எல்லோரும் எழுதுவார்கள். நீங்கள் உங்கள் மாவட்டத்து எண்ணை எழுதுங்கள்.

பத்திரிகை வரலாறு எழுதும்போதும் பாடப்புத்தக வரிசையை ஒப்பிக்காதீர்கள். நான் பாப்பாரப்பட்டியில் தொடங்கினேன். சுப்பிரமணிய சிவா சிறையிலிருந்து தொழுநோயோடு வந்து, 1913-ல் 'ஞானபானு' இதழ் நடத்தி, ரயிலில் ஏறக் கூடாது என்று தடுக்கப்பட்ட பிறகும் ஊர் ஊராகப் போய்ப் பேசி, 1925-ல் எங்கள் பாப்பாரப்பட்டியில் கண் மூடினார். அந்தத் தலைமுறையில் தலைவரும் ஆசிரியரும் ஒரே ஆள். ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-ல் 'சுதேசமித்திரன்', பாரதி 1906-ல் 'இந்தியா', பெரியார் 1925-ல் 'குடி அரசு', கருணாநிதி 1942-ல் 'முரசொலி'. 'ஜஸ்டிஸ்' பத்திரிகையின் பெயரே, அதை நடத்திய தென்னிந்திய நல உரிமைச் சங்கத்துக்கு நீதிக்கட்சி என்று வழக்குப் பெயராகிவிட்டது. அதனால் தமிழ் வாசகர் எந்தப் பேப்பரை எடுத்தாலும் இது யாருடையது என்று பார்த்துவிட்டுத்தான் படிக்கிறார். பேப்பர் சொன்னதை அப்படியே நம்பும் ஏமாளி என்று அவரை எழுதுவது தவறு.

என் அப்பாவே சாட்சி. பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி கொண்டுபோகிறவர். பேப்பரில் 'தக்காளி விலை விர்' என்று வந்த அன்று நான் சந்தோஷமாகப் படித்துக் காட்டினேன். "அது கோயம்பேட்டுல கடைக்காரர் விக்கிற வெலைம்மா. நம்ம பெட்டிக்கு என்ன வெலைன்னு எந்தப் பேப்பர்ல போட்டுருக்கான்?" என்றார். பேப்பரில் யாருடைய விலை வருகிறது, யாருடைய விலை வருவதில்லை என்பதை வைத்து ஒரு பதினைந்து மார்க் பதிலுக்கு முன்னுரை எழுதினேன்.

இனி சுருக்கமாக. விரல் நுனியில் இருக்க வேண்டியவை:

- நாட்டுமொழிப் பத்திரிகைச் சட்டம் 1878, ரிப்பன் நீக்கியது 1882. நெருக்கடி நிலைத் தணிக்கை 1975.
- வேட்பாளர் சொத்து, வழக்கு விவரம்: உச்ச நீதிமன்றம் 2002, 2003. அந்த விவரத்தைத் தரும் பிரமாணப் பத்திரம் படிவம் 26. உங்கள் தொகுதி வேட்பாளர் ஒருவரின் பிரமாணப் பத்திரத்தையாவது தேர்தல் ஆணையத் தளத்தில் முழுசாகப் படியுங்கள்.
- லில்லி தாமஸ் வழக்கு (தண்டனை பெற்ற எம்.பி., எம்.எல்.ஏ. உடனே பதவி இழப்பது), நோட்டா: இரண்டும் 2013.
- காசு வாங்கிப் போடும் செய்தி: பிரஸ் கவுன்சில் அறிக்கை 2010. மாவட்டத்தில் அதைக் கவனிக்கும் ஊடகச் சான்றளிப்பு, கண்காணிப்புக் குழு.
- தேர்தல் பத்திரம் (பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்கு நன்கொடை தரும் முறை) ரத்து: 15 பிப்ரவரி 2024. வாக்காளரின் அறியும் உரிமை, அரசியலமைப்புப் பிரிவு 19(1)(அ). இதை ஊடகச் சுதந்திரத்தோடு இணைத்து எழுதலாம்.
- தமிழ்நாட்டில் தகவல் உரிமைச் சட்டம் 1997-லேயே வந்தது. மத்தியச் சட்டம் 2005. ஊழல் புகார்களை விசாரிக்கும் தமிழ்நாடு லோக் ஆயுக்தா சட்டம் 2018.

இவற்றைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொன்றையும் மேலே சொன்ன ஏதாவது ஒரு ஊர்ச் செய்தியோடு கட்டிப் போடுங்கள், பரீட்சை ஹாலில் தானாக வரும். எனக்குப் பேச்சைவிட எழுத்தில்தான் தெளிவு, அதனால் தினமும் ஒரு பதிலாவது கையால் எழுதினேன். பேசிப் பேசிப் படிக்கிறவர்கள் நண்பர்களோடு வாதாடிப் பார்க்கலாம். ஆனால் இந்தத் தலைப்பில் வாதம் சீக்கிரம் கட்சிச் சண்டை ஆகிவிடும், ஜாக்கிரதை.

இன்டர்வியூவில் எதிர்பார்த்ததே வந்தது. "உங்க மாவட்டத்துக்காரங்க அரசியல்வாதிகளை நம்புறாங்களாம்மா?" என்று ஒருவர் கேட்டார். "நம்பறதில்லை சார், ஆனா ஓட்டுப் போடாம இருக்கறதில்லை" என்று சொல்லி வாக்குப்பதிவு எண்களைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த மேடம் விடவில்லை. "காசு வாங்கிட்டுப் போடுறாங்கன்னு சொல்றாங்களே?" என்றார். பணம் புழங்குவதை மறுக்கவில்லை. 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தலே பணப் பறிமுதலால் ரத்தானதைச் சொன்னேன். பணம் வாங்கியவர் கொடுத்தவருக்கே போடுவார் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது, ரகசிய வாக்குதான் ஏழைக்கு இருக்கும் கடைசிப் பாதுகாப்பு என்றும் சொன்னேன். அடுத்து 2000 பிப்ரவரி 2 பேருந்து எரிப்பு, ஒரு தலைவருக்குத் தண்டனை கிடைத்ததை எதிர்த்துக் கட்சிக்காரர்கள் செய்தது. வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேர் இலக்கியம்பட்டியில் எரிந்து இறந்தார்கள். தருமபுரிக்காரரிடம் இதைக் கேட்பார்கள், தயாராகப் போங்கள். நான் கட்சிப் பெயரைச் சொல்லவில்லை, குரலை உயர்த்தவில்லை. நடந்த தேதி, தூக்குத் தண்டனை, 2016-ல் அது ஆயுளாகக் குறைந்தது, 2018 நவம்பரில் முன்விடுதலை என்று வரிசையாகச் சொன்னேன். "இதுல உங்க கருத்து என்ன?" என்று கேட்டார்கள். தலைவருக்காக ஒரு கூட்டம் சட்டத்தைக் கையில் எடுக்கும்போது பொதுமக்கள் அந்தத் தலைவர்கள் எல்லோரிடமிருந்தும் ஒரு அடி தள்ளிப் போகிறார்கள், அந்தத் தூரத்தைக் குறைக்க வேண்டியது அதிகாரியின் வேலையும்தான் என்றேன். யாரும் குறுக்கிடவில்லை.

இன்டர்வியூவுக்கு முந்தின வாரம் புதிதாக எதையும் தொடாதீர்கள். உங்கள் மாவட்டச் செய்திகளில் மூன்றாம் பத்தி காலியாக இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, கலெக்டர் அலுவலகச் செய்திக் குறிப்பு, மாவட்ட இணையதளம், துறைகளின் மானியக் கோரிக்கைக் கொள்கைக் குறிப்பு மூன்றிலும் தேடுங்கள். கிடைத்ததைத் தேதியோடு எழுதுங்கள். கிடைக்காததற்கு எதிரில் "இன்னும் முடியவில்லை" என்று எழுதி வையுங்கள். கேட்டால் அதையே சொல்லலாம்.