வராமல் போன இரண்டாவது வரி

"அண்ணா, இதுக்குக் கீழ மட்டும் இனிட்ஆர்டி வரி வரலையே?"

"விடுப்பா, சில சமயம் அப்படித்தான்."

கேட்டவன் என்னோடு வேலை பார்க்கும் தம்பி. விடச் சொன்னது நான். சில சமயம் அப்படியெல்லாம் இல்லை. சர்வர் ஏறும்போது எந்தக் கெர்னலை (லினக்ஸின் மையப் பகுதி) ஏற்றுவது என்று பார்ப்பது கிரப் மெனு. அதைப் புதுப்பிக்கும்போது ஒவ்வொரு கெர்னலுக்கும் இரண்டு வரி வரும்: லினக்ஸ் இமேஜ் கிடைத்தது, இனிட்ஆர்டி இமேஜ் கிடைத்தது. இனிட்ஆர்டி என்பது, ஏறும்போது டிஸ்க்கைத் திறக்கக் கெர்னலுக்குத் துணை நிற்கும் கோப்பு. அன்று புதுக் கெர்னலுக்கு முதல் வரி மட்டும்தான் வந்தது. எனக்குத் தெரியாததா? பத்து வருடமாகப் பார்க்கிற திரை. பார்த்துப் பழகியதில் படிப்பதையே விட்டுவிட்டேன் போல.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். உபுண்டு சர்வர், கெர்னல் கோப்புகள் இருக்கும் பூட் பார்டிஷன் மொத்தமே 500 எம்பி, முழுக்க நிரம்பிக் கிடந்தது. வேண்டாத பழைய பேக்கேஜ்களை நீக்கும் ஆட்டோரிமூவ் போட்டால், பாதியில் நிற்கும் பேக்கேஜை முதலில் சரிசெய் என்றது. சரிசெய்யப் போனால் இடமில்லை என்றது. அந்தச் சுழலில் மாட்டியவர்கள் பலரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். யூநேம் போட்டு, ஓடுகிற கெர்னல் எது என்று பார்த்து, அதையும் புதியதையும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் ஆர்எம் போட்டு அழித்தேன். டிஎஃப் போட்டால் 30 சதவீதம்தான் நிரம்பியிருப்பதாகக் காட்டியது. அப்பாடா என்றிருந்தது. பாதியில் நின்ற புதுக் கெர்னலின் நிறுவலை அப்போதே முடித்திருந்தால் அந்த இனிட்ஆர்டி தானாக உருவாகியிருக்கும். ஒரே ஒரு கட்டளை. நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

இந்த வேலையில் தப்பு உடனே தெரிவதில்லை. ஓடும் கெர்னல் மெமரியில் உட்கார்ந்திருக்கும். பூட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அது திரும்பிக்கூடப் பார்க்காது. ஒன்பது நாள் கழித்து மின்சார வேலைக்காக சர்வரை நிறுத்தி, மறுபடி ஏற்றினால் கெர்னல் பேனிக், மேலே போக முடியாமல் கெர்னலே நின்றுவிட்டது. இனிட்ஆர்டி இல்லாமல் ரூட் ஃபைல் சிஸ்டத்தை (சிஸ்டம் இருக்கும் டிஸ்க் பகுதியை) மவுண்ட் செய்ய முடியவில்லையாம். தூரத்திலிருந்தே திரையைப் பார்க்க உதவும் ரிமோட் கன்சோல் இல்லாத பெட்டி வேறு. இரவு பதினொன்றரைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனவன் அந்தத் தம்பிதான். ஒளிந்திருந்த கிரப் மெனுவை எஸ்கேப் தட்டி வரவழைத்து, பழைய கெர்னலில் ஏற்றினான். அந்தப் பழையதை அழிக்காமல் வைத்தது நான்தானே? அதையும் கணக்கில் எடுக்க வேண்டாமா? அன்றிரவே இப்படித்தான் எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன்.

அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் "பூட் பார்டிஷனில் இடமின்மை" என்று எழுதினேன். பொய்யில்லை. இனிமேல் கெர்னல் கோப்புகளைக் கையால் அழிக்கக் கூடாது என்று ஒரு விதியும் சேர்த்தேன். ஆனால் ஆர்எம்மில் தப்பே இல்லை. அன்று அது இல்லாமல் ஓரடி நகர்ந்திருக்க முடியாது. அவன் கேட்ட கேள்விக்கு அந்த அறிக்கையில் இடமில்லை. எந்தக் கட்டத்தில் எழுதுவது அதை?

சர்வர் ஏறியதும் போனில் "வந்துடுச்சுண்ணா" என்றான். அவ்வளவுதான். அந்த வரியைப் பற்றிப் பேச்சே இல்லை. மறந்துவிட்டானா, மரியாதைக்கு விட்டானா? நானாகக் கேட்டிருக்கலாம். அடுத்த நாள் காலை இருவரும் ஒன்றாகத்தான் டீக்கடைக்குப் போனோம். மழையைப் பற்றிப் பேசினோம்.

இப்போதெல்லாம் அவன் எதுவும் கேட்பதில்லை. கிரப் புதுப்பிக்கும்போது மட்டும் திரையைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்கிறான்.